கோவிட்-19: நுரையீரல் நோய் நாள நோயாக அறியப்பட்ட வரலாறு

2020ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், ஜெர்மனியின் தொற்றுநோய்க் கண்காணிப்பு அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனம், கோவிட்-19 நோயால் இறந்தோரின் உடல்களைத் திறந்து ஆராய்வதை இயன்றவரை தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. உடலைத் திறக்கையில் எழும் நுண்துளிகள் வழியே மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் தொற்று பரவக்கூடும் என்பதே காரணம். அச்சம் நியாயமானதே. ஆயினும் ஹாம்பர்க் நகர அரசு வேறு வழியைத் தேர்ந்தது. தொற்று உறுதிசெய்யப்பட்டு இறந்தவர்களின் உடல்களை முழுமையாகப் பிணக்கூராய்வு செய்ய ஆணையிட்டது. அந்நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையின் சட்ட மருத்துவத் துறை, அப்போது கிளவுஸ் பூஷெல் தலைமையில், அப்பணியை மேற்கொண்டது.

தொடர்ச்சியாக ஆராயப்பட்ட முதல் 12 உடல்களின் முடிவுகள் 2020 மே மாதம் வெளியாயின. பன்னிருவரில் எழுவரின் கால்களில், ஆழ்சிரைகளுக்குள் இரத்தம் உறைந்து கிடந்தது. நால்வரின் மரணத்துக்கு நேரடிக் காரணம், அவ்வாறு உறைந்த கட்டி பெயர்ந்து சென்று நுரையீரல் தமனியை அடைத்ததே. நோயாளி உயிரோடிருந்தபோது சிரை உறைவு பற்றிய ஐயம் எழவேயில்லை என்பதுதான் இக்கண்டுபிடிப்பின் கனத்தைக் கூட்டியது. நிமோனியா என்று எழுதப்பட்ட மரணங்கள் சிலவற்றின் உண்மைக் காரணம், ஒரு குழாய் அடைபட்டதாக இருந்தது.

இதற்கான முன்னறிகுறிகள் வூஹானிலிருந்து ஏற்கெனவே வந்திருந்தன. 2020 பிப்ரவரியில் நிங் தாங்கும் சக ஆய்வாளர்களும் 183 நோயாளிகளின் இரத்த உறைவுக் குறியீடுகளை வெளியிட்டனர். உயிரிழந்தோரில் 71.4 விழுக்காட்டினரிடம் உடல் முழுவதும் பரவிய உறைவுக் கோளாறின் அளவைகள் நிறைவேறியிருந்தன. பிழைத்தோரில் அந்த விகிதம் 0.6 மட்டுமே. இந்தியக் குடும்பங்கள் அடுத்த ஆண்டில் ஆய்வகச் சீட்டுகளில் தேடித்தேடிப் படிக்கவிருந்த ‘டி-டைமர்’ என்னும் சொல் இவ்வாறுதான் கோவிட் அகராதியில் நுழைந்தது. ஃபைப்ரின் இழைகளால் ஆன உறைகட்டியை உடல் கரைக்கும்போது எஞ்சும் துணுக்கே டி-டைமர். அது மிகுந்திருந்தால் எங்கோ உறைவும் கரைவும் நடந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். ஏப்ரலில் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு, தீவிர சிகிச்சையிலிருந்த 184 நோயாளிகளில் 31 விழுக்காட்டினருக்கு உறைவுச் சிக்கல்கள் ஏற்பட்டதைக் காட்டியது. அவர்கள் அனைவரும் உறைவுத் தடுப்பு மருந்து பெற்றுக்கொண்டிருந்தவர்கள்.

சுவாச நோய் ஒன்று குருதிக்குழாய்களின் நோயாகத் தென்பட்டபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. அவ்வளவு திடுக்கிட்டிருக்கத் தேவையில்லை என்பதற்கு மருத்துவ வரலாறே சான்று. அழற்சிக்கும் நுண்நாளங்களுக்கும் உள்ள உறவு புதியதன்று. மறந்துபோன பழைய வழக்கு அது.

வில்லியம் ஹார்வி 1628இல் குருதிச் சுற்றோட்டத்தை நிறுவியபோது அவருடைய வாதத்தில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தது. தமனிகளில் செல்லும் குருதி சிரைகளுக்குள் எப்படிப் புகுகிறது? தசையின் நுண்துளைகள் வழியே என்று ஊகிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. 1657இல் ஹார்வி மறைந்தார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, தமனியையும் சிரையையும் இணைக்கும் மெல்லிய குழாய் வலையைக் கண்டார். தந்துகிகள் எனப்படும் இரத்த நுண்நாளங்கள் முதன்முதலில் காணப்பட்ட இடம் நுரையீரல் என்பது இக்கதையில் நினைவில் கொள்ளத்தக்கது. ஒரு தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சிவப்பணுவின் விட்டம் 7 அல்லது 8. பல இடங்களில் சிவப்பணு தன்னை வளைத்து நெளித்துக்கொண்டுதான் ஒற்றை வரிசையில் கடக்கவேண்டும். அத்தகைய சந்தில் சிறு இடறலும் பெருந்தடையாகும்.

அழற்சியின் கதை இதனினும் பழையது. சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்னும் நான்கு குறிகளை முதலாம் நூற்றாண்டு ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் பதிவு செய்தார். அந்நான்கில் முதல் மூன்றும் குருதி நாளங்களின் செயலே என்பதை அறிவதற்கு ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் சென்றன. நாளம் விரிவதால் சிவப்பும் வெப்பமும். நாளச் சுவர் கசிவதால் வீக்கம்.

இந்த அறிவை உறுதிப்படுத்தியவர் யூலியஸ் கோன்ஹைம். பெர்லினில் ருடால்ஃப் ஃபிர்ஹோவின் உதவியாளராக இருந்தவர். சீழில் காணப்படும் அணுக்கள் அழற்சி கண்ட திசுவிலேயே பிறக்கின்றன என்பது ஆசானின் கொள்கை. 1867இல் கோன்ஹைம் உயிருள்ள தவளையின் குடல் தாங்கு சவ்வை வெளியே விரித்து, மணிக்கணக்காக நுண்ணோக்கியில் கண் பதித்திருந்தார். குருதியோட்டம் மெதுவாகிறது. வெள்ளணுக்கள் நாளச் சுவரின் ஓரத்துக்கு ஒதுங்கி ஒட்டிக்கொள்கின்றன. பின்பு ஒவ்வொன்றாகச் சுவரினூடே நுழைந்து வெளியேறுகின்றன. சீழ் என்பது குருதியிலிருந்து வந்த வெள்ளணுக்களே என்று அவர் எழுதினார்; அதையும் ஃபிர்ஹோ நடத்திய ஆய்விதழிலேயே எழுதினார். மாணவரின் மறுப்புக்கு இதழில் இடமளித்த ஆசானின் பெருந்தன்மையையும் குறிப்பிடவேண்டும். வெள்ளணு வெளியேறுவதைப் பிரான்சின் துத்ரோஷேயும் இங்கிலாந்தின் அகஸ்டஸ் வாலரும் முன்னரே கண்டிருந்தனர். கோன்ஹைமின் தனிச்சிறப்பு, நாளச் சுவரில் ஏற்படும் மாறுதலே அழற்சியின் மூலம் என்று அதை ஒரு கோட்பாடாக நிறுத்தியதில் உள்ளது.

அந்தக் கோட்பாட்டுக்கு வலுவான எதிர்ப்பு கடற்கரையிலிருந்து வந்தது. 1882இல் மெசினாவில் இல்யா மெச்னிகோவ், நட்சத்திர மீனின் ஒளியூடுருவும் இளவுயிரிக்குள் முள்ளைச் செருகினார். அலையும் செல்கள் அதைச் சூழ்ந்துகொண்டன. அவ்வுயிரிக்குக் குருதி நாளமே கிடையாது. ஆகவே அழற்சியின் சாரம் நாளத்தில் இல்லை, விழுங்கு செல்லில் உள்ளது என்றார் அவர். பரிணாம நோக்கில் மெச்னிகோவின் வாதம் சரியே. இருபதாம் நூற்றாண்டின் நோயெதிர்ப்பியல் பெரும்பாலும் அவர் காட்டிய திசையில், செல்களையும் அவை சுரக்கும் பொருள்களையும் தேடிச் சென்றது. நாளச் சுவர் பின்னணிக்குச் சென்றது. 1865இல் வில்ஹெல்ம் ஹிஸ் ‘எண்டோதீலியம்’ என்று பெயரிட்ட அதன் உட்படலம், குருதியைத் தாங்கும் ஒரு வெறும் உறை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1964இல் எவால்ட் வைபலும் ஜார்ஜ் பலாடேயும் அச்செல்களுக்குள் கோல் வடிவ நுண்பைகளைக் கண்டனர். தட்டணுக்களை ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் காரணி அப்பைகளில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட், உட்படலம் சுரண்டப்பட்ட தமனி அசிட்டைல்கோலினுக்கு விரிவதில்லை என்று காட்டினார். அந்தப் பாதை நைட்ரிக் ஆக்சைடுக்கும் 1998 நோபல் பரிசுக்கும் இட்டுச்சென்றது. உட்படலம் ஓர் உறுப்பு என்ற எண்ணம் அதன் பிறகே வேரூன்றியது. 2013இல் எங்கெல்மானும் மாஸ்பெர்க்கும், நுண்நாளங்களில் குருதி உறைவதும் நோயெதிர்ப்பின் ஓர் அங்கமே என்னும் கருத்தை விரித்துரைத்தனர். கிருமியை ஓரிடத்தில் சிறைப்படுத்த உடல் உறைவைக் கருவியாக்குகிறது. அளவு மீறினால் கருவியே நோயாகிறது.

2020இல் பிணக்கூராய்வு மேசைகளிலிருந்து வந்த செய்திகளை இந்தப் பின்னணியில் வாசிக்கவேண்டும். பெர்கமோ, மிலான் நகரங்களில் 38 பேரின் நுரையீரல் திசுக்கள் ஆராயப்பட்டன. 33 பேரிடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள சிறு தமனிகளில் உறைகட்டிகள் இருந்தன. இன்னும் கூர்மையான ஒப்பீட்டை மாக்சிமிலியன் ஆக்கர்மானும் சக ஆய்வாளர்களும் மே மாதத்தில் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளியிட்டனர். கோவிட் நோயால் இறந்த 7 பேரின் நுரையீரலை, 2009இல் பரவிய எச்1என்1 இன்ஃபுளுவென்சாவால் இறந்த 7 பேரின் நுரையீரலோடும், தொற்றில்லாத 10 பேருடையவற்றோடும் அவர்கள் ஒப்பிட்டனர். காற்றறைகள் சிதைந்து நீர் கோத்த நிலை இரு நோய்களுக்கும் பொது. ஆனால் காற்றறைத் தந்துகிகளில் நுண்ணுறைகட்டிகள் கோவிட் நுரையீரலில் இன்ஃபுளுவென்சாவைவிட 9 மடங்கு மிகுந்திருந்தன. உள்ள நாளமே உட்புறம் மடிந்து இரண்டாகப் பிளந்து புதுக்கிளை விடும் விந்தையும் 2.7 மடங்கு மிகுந்திருந்தது. எண்ணிக்கை சிறிது என்பது உண்மை. ஆனால் ஒப்பீட்டுக்கு இன்ஃபுளுவென்சா நுரையீரல்கள் கைவசம் இருந்தன என்பதுதான் இங்கு முக்கியம். பத்தாண்டுகளுக்கு முன்பு எவரோ அவற்றைத் திறந்து, பதப்படுத்தி, பாதுகாத்து வைத்ததாலேயே அக்கேள்வியைக் கேட்க முடிந்தது.

நாளத்தில் நடப்பது என்ன? காற்றறையின் சுவருக்கும் தந்துகியின் சுவருக்கும் இடைப்பட்ட தொலைவு பெரும்பகுதியில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. வைரஸ் காற்றறையின் மேற்படலச் செல்லைத் தாக்கும்போது அண்டையிலுள்ள நாளம் அதை உணராமல் இருக்க இயலாது. சைட்டோகைன்கள் உட்படலச் செல்லைத் தூண்டுகின்றன. அது தன் பைகளிலுள்ள வான் வில்லிபிராண்ட் காரணியைக் கொட்டுகிறது, வெள்ளணுக்களைப் பற்றும் கொக்கிகளை மேற்பரப்பில் நீட்டுகிறது, உறைவைத் தடுக்கும் தன் வழக்கமான பணியைக் கைவிடுகிறது. நியூட்ரோஃபில்கள் தம் டிஎன்ஏவையே வலையாக வீசுகின்றன. அவ்வலையில் தட்டணுக்களும் ஃபைப்ரினும் சிக்குகின்றன. தந்துகி அடைபடுகிறது. அடைபட்ட பகுதிக்குக் காற்று வந்தாலும் அதைப் பெற்றுக்கொள்ளக் குருதி இல்லை. வேறு பகுதியில் குருதி ஓடினாலும் காற்றறை நீரால் நிரம்பியிருக்கிறது. மூச்சுத்திணறலை அவ்வளவாக உணராமலேயே ஆக்சிஜன் அளவு சரிந்திருந்த நோயாளிகளைக் கண்டு 2020இல் மருத்துவர்கள் வியந்ததற்கு, இப்பொருத்தமின்மை ஒரு பகுதி விளக்கமாகும்.

ஆயின் வைரஸ் உட்படலச் செல்லுக்குள் தானே நுழைகிறதா, அண்டை வீட்டுத் தீயால் அது வேகிறதா என்ற கேள்வி எளிதில் தீரவில்லை. 2020 ஏப்ரலில் சூரிக்கின் சுசன்னா வார்காவும் சக ஆய்வாளர்களும் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஒரு சிறு கடிதம் உலகெங்கும் மேற்கோளாயிற்று. மூன்று நோயாளிகளின் திசுக்களில் உட்படல அழற்சியைக் கண்டதாகவும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உட்படலச் செல்லுக்குள் வைரஸ் துகள்கள் தெரிந்ததாகவும் அது கூறியது. வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ-2 ஏற்பி நாள உட்படலத்தில் இருப்பதாக 2004ஆம் ஆண்டு சார்ஸ் கால ஆய்வொன்று சொல்லியிருந்தமையால், கூற்று உடனே நம்பத்தக்கதாகத் தோன்றியது. ஆனால் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் நுண்ணோக்கி வல்லுநர்கள் அதே இதழில் மறுப்பு எழுதினர். படத்தில் தெரிபவை வைரஸ்கள் அல்ல. செல்லின் இயல்பான உள்ளுறுப்புகளே, குறிப்பாக ரைபோசோம்கள் ஒட்டிய அகச்சவ்வு வலையின் குறுக்குவெட்டு, என்பது அவர்கள் வாதம். வட்டத்தைச் சுற்றிக் கரும்புள்ளிகள் இருந்தால் அது ‘கொரோனா’ என்று கண்ணுக்குத் தோன்றிவிடுகிறது. ஆய்வகத்தில் உருவாக்கிய மனித நாளத் திசுக்களில் வைரஸ் தொற்றுவதை ஒரு குழு காட்டியது. தனித்து வளர்த்த உட்படலச் செல்களில் ஏசிஇ-2 மிகக் குறைவு, அவற்றில் வைரஸ் பெருகுவதில்லை என்று வேறு குழுக்கள் காட்டின. இன்று மிகுதியான ஆய்வாளர்கள் சாய்ந்திருப்பது இரண்டாவது பக்கம்: நாளத்தின் சேதம் பெரும்பாலும் அழற்சியின் விளைவு. அக்கடிதத்தின் உட்படல அழற்சி நிலைத்தது. அதன் வைரஸ் துகள்கள் நிலைக்கவில்லை. முதற்பாதி சரியாக இருந்ததாலேயே மறுபாதியும் சரியெனப் பாடநூல்வரை சென்றுவிடும் இயல்பு அறிவியல் எழுத்துக்கு உண்டு.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடும் வாதமன்று. எந்த மருந்தை, எந்த நாளில் கொடுப்பது என்பது இதில் அடங்கியிருந்தது. 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் ‘ரிக்கவரி’ ஆய்வு டெக்சாமெத்தசோனின் முடிவை அறிவித்தது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரிடம் 28 நாள் இறப்பு 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் பெற்றோரிடம் 26.2இலிருந்து 23.3. ஆக்சிஜன் தேவைப்படாதோரிடமோ பயன் ஏதுமில்லை. அங்கு இறப்பு விகிதம் மருந்து பெற்றோரிடம் 17.8, பெறாதோரிடம் 14.0. இந்த வேறுபாடு புள்ளியியல் உறுதி பெறாதது. ஆனால் எச்சரிக்கைக்குப் போதுமானது. தொடக்க நாட்களில் வைரஸை எதிர்க்கும் அழற்சி உடலுக்குத் தேவை. பிற்பாடு அதே அழற்சி நுண்நாளங்களை அழிக்கிறது. மருந்து ஒன்றே, நாள்தான் வேறு.

ஹெப்பாரின் கதையும் இவ்வாறே எதிர்பார்ப்பைப் புரட்டியது. 1916இல் அமெரிக்க மருத்துவ மாணவர் ஜே மெக்லீன், குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடுகையில் உறையாமல் தடுக்கும் ஒன்றைக் கண்டார்; அதுவே ஹெப்பாரினின் தொடக்கம். உறைவுதான் உயிர் பறிக்கிறது என்றால் மிக நலிந்தோருக்கே முழு அளவு ஹெப்பாரின் பெரிதும் உதவவேண்டும். 2021 ஆகஸ்டில் வெளியான பன்னாட்டுக் கூட்டாய்வு நேர்மாறாகக் காட்டியது. தீவிர சிகிச்சை நிலையிலிருந்த ஏறத்தாழ 1,100 பேரிடம் முழு அளவு மருந்தால் பயனில்லை. அந்நிலையை எட்டாத 2,200 பேரிடம் பயன் இருந்தது: உறுப்புத் துணைக்கருவிகளின் தேவையின்றி உயிரோடு வீடு திரும்பியோர் 76.4 விழுக்காட்டிலிருந்து 80.2 ஆக உயர்ந்தனர். தந்துகிகள் ஏற்கெனவே அடைபட்டுச் சுவர் சிதைந்த பின்னர் உறைவைத் தடுப்பதால் ஆவது சிறிதே.

இந்தியாவுக்கு இந்த அறிவு உரிய நேரத்தில் வந்து சேர்ந்ததா? எண்களும் இதழ்களும் வந்து சேர்ந்தன. நாள்கணக்கு வந்து சேரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே மாத வழிகாட்டுதலில், கோவிட் மரணங்களில் உடலைத் திறக்கும் சட்ட மருத்துவப் பிணக்கூராய்வைத் தவிர்க்கச் சொன்னது. போபால் எய்ம்ஸ் போன்ற மிகச் சில நிறுவனங்களே பின்னர் சிறப்பு அனுமதியோடு ஆய்வுகளைச் செய்தன. நோயின் காரணத்தை அறிவதற்காகவே செய்யும் பிணக்கூராய்வு இந்திய மருத்துவக் கல்லூரிகளில் பெருந்தொற்றுக்கு முன்பே அருகிவிட்டது. காவல்துறை வழக்குக்காகச் செய்வதே எஞ்சியுள்ளது. சர்க்கரை நோயும் காசநோயும் மலிந்த ஒரு மக்கள்தொகையில் கோவிட் நுண்நாளங்களை எவ்வாறு தாக்கியது என்பதை, ஹாம்பர்க்கையும் பெர்கமோவையும் வைத்தே இங்கு ஊகிக்க நேர்ந்தது.

2021 ஏப்ரல், மே மாத இரண்டாம் அலையில், டி-டைமர், சிஆர்பி, இன்டர்லியூக்கின்-6 ஆகிய பரிசோதனைகள் வீட்டுத் தனிமையில் இருந்த லேசான நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டன. எண் உயர்ந்த மறுகணம் ஸ்டீராய்டு தொடங்கப்பட்டது. பல இடங்களில் எண்ணுக்கும் காத்திருக்கவில்லை. ஆக்சிஜன் குறையாத தொடக்க நிலையில் ஸ்டீராய்டு தீங்கு செய்யும் என்று அப்போதைய டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா மே தொடக்கத்தில் வெளிப்படையாக எச்சரித்தார். மருத்துவமனைக் கட்டிலும் ஆக்சிஜன் உருளையும் கிடைக்காத அந்நாட்களில், கைக்கு எட்டிய மாத்திரையை விழுங்கிய நோயாளியைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. மாத்திரைச் சீட்டை எழுதியவர்களைப் பற்றி அவ்வளவு தயக்கமின்றிச் சொல்லிவிட முடியாது.

தொடர்ந்து வந்தது மியூகோர்மைகோசிஸ். செய்தித்தாள்கள் ‘கரும்பூஞ்சை’ என்றன. பூஞ்சை கருப்பன்று, அது கொன்ற திசுவே கருப்பு. அப்பூஞ்சையின் இழைகள் குருதி நாளச் சுவரைத் துளைத்து உள்ளே வளர்கின்றன. நாளம் உறைந்து அடைபட, அப்பாலுள்ள மூக்கும் அண்ணமும் கண்ணும் குருதியின்றி மடிகின்றன. கட்டுப்படாத சர்க்கரையும் மிகையான ஸ்டீராய்டும் அதற்கு வழி திறந்தன. கோவிட் அழற்சியால் முன்னரே புண்பட்டிருந்த உட்படலமும் துணைபுரிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 2021 மே மாதம் ஒன்றிய அரசு மாநிலங்களை இந்நோயைக் கொள்ளைநோய்ச் சட்டத்தின்கீழ் அறிவிக்கக் கேட்டுக்கொண்டது. ஜூன் இறுதியில் எண்ணிக்கை 40,000-ஐத் தாண்டியிருந்தது. அழற்சியைத் தணித்து நுண்நாளங்களைக் காக்கத் தந்த மருந்து, தவறான நாளிலும் அளவிலும் தரப்பட்டபோது, நாளங்களையே தின்னும் வேறொரு நோய்க்கு வாயிலாயிற்று. கண்ணிழந்து உயிர் பிழைத்தோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர்.

பழைய வழக்கு புதிய உருவில் தொடர்கிறது. நோய் நீங்கிய பின்னும் மாதக்கணக்கில் களைப்பும் மூச்சிரைப்பும் நீடிக்கும் நெடுங்கோவிட் நோயாளிகளின் குருதியில், எளிதில் கரையாத நுண்ணுறைகட்டிகளை ஒளிரும் சாயத்தால் கண்டதாக 2021இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதெரேசியா பிரிட்டோரியசின் குழு அறிவித்தது. அத்துகள்கள் தந்துகிகளை அடைக்கின்றன என்பது அவர்களின் விளக்கம். ஒளிர்பவை உண்மையான உறைகட்டிகள்தாமா, நாளத்துக்குள் உருவானவையா, எடுத்த குருதியில் சோதனைக்குழாயில் திரண்டவையா என்று மறுதரப்பு கேட்கிறது. இதனிடையே, அத்துகள்களைக் களைவதாகக் கூறிக் குருதியைக் கட்டணம் பெற்று வடிகட்டித் தரும் தனியார் மருத்துவ நிலையங்கள் ஐரோப்பாவில் இயங்கத் தொடங்கிவிட்டன; நோயாளிகள் எல்லை கடந்தும் அங்கே செல்கின்றனர்.